பச்சை வெளிச்சத்தில் வந்த குரல்

மதிய வெயில் சோதனை அறைக்குள் நுழையாதபடி கறுப்புத் திரை இறங்கியிருக்கிறது. இறந்துபோன பொறியாளரின் மனைவி, அவருடைய மூக்குக்கண்ணாடியும் தேநீர்க் குவளையும் கிடக்கும் அட்டைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். அவரோடு வேலை பார்த்த பெண், நகத்தளவு மின்னணுச் சில்லு ஒன்றை இடுக்கியால் எடுத்துச் சோதனைப் பலகையில் பொருத்துகிறாள். "அண்ணன் கடைசியா வரைஞ்சது அண்ணி. இன்னிக்குத்தான் செஞ்சு வந்துச்சு. பாத்துட்டுப் போங்க." ஒரே பிளாஸ்டிக் இழைக்குள் சிவப்பு வெளிச்சமும் பச்சை வெளிச்சமும் கலந்து வருகின்றன. சிவப்பில் மழைச் சத்தம். பச்சையில், சோதனைக்காக அவர் என்றோ பதிவுசெய்துவைத்த தன் குரல். இரண்டையும் பிரிப்பதுதான் சில்லின் வேலை. இதுவரை செய்த சில்லு எதுவும் உருப்படியாகப் பிரித்ததில்லை. ஒலிபெருக்கியில் மழைதான் கொட்டுகிறது. அதற்கடியில் யாரோ முனகுவது போலிருக்கிறது. அந்தப் பெண் மின்னழுத்தத்தைக் கூட்டிக்குறைக்கும் குமிழை மெல்லத் திருகுகிறாள். மழை சட்டென்று நின்றுவிடுகிறது.

"ஒண்ணு... ரெண்டு... மூணு... கேக்குதா?" பக்கத்தில் நின்று கேட்பது போல அவ்வளவு தெளிவு. மடியிலிருக்கும் பெட்டிக்குள் குவளை கிணுகிணுக்கிறது. "கேக்குதுங்க," என்கிறாள் மனைவி. இழையின் நுனி பச்சையாகத் துடிக்கிறது. ஒலிபெருக்கி ஒரு மூச்சு விடுகிறது. "சரி, அப்ப நான் கிளம்பறேன்." பதிவுசெய்த அன்றைக்குச் சாப்பிடக் கிளம்பும்போது அவர் தன்னிடம் சொன்னது அது என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியும். பதிவு மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. "ஒண்ணு..." அணைக்கப் போகும் அவள் கையை மனைவி பிடித்துக்கொள்கிறாள்.

"விடும்மா. இந்தத் தடவ நான் பதிலே சொல்ல மாட்டேன். எப்படிப் போறாருன்னு பாக்கறேன்."