ஒரிஜினல் காப்பி

“இது காசு கொடுத்து வாங்கின ஒரிஜினல் கேம். மூணு நாளா திறக்கல,” என்று லேப்டாப்பை மேசைமேல் வைத்தார் கௌஸ்துப்.

சரஸ்வதிபுரத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் மஞ்சுநாத் திரையைப் பார்த்தான். ‘உரிமத்தைச் சரிபார்க்க இயலவில்லை’ என்றது.

“சரிபார்க்கிற சர்வரையே நிறுத்திட்டாங்க சார். கம்பெனியே மூடியாச்சே.”

“தெரியும்.”

“காசு கொடுத்தவங்களுக்குத் திறக்காது, திருட்டுக் காப்பி மட்டும் ஜம்முனு ஓடும். இந்த லாக்கைப் போட்டவன் கையில கிடைச்சா நாலு கேள்வி கேப்பேன்.”

கௌஸ்துப் பையிலிருந்து சார்ஜரை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“லாக்கை எடுத்த காப்பி எங்கிட்ட இருக்கு. போடட்டுமா?”

“போடுங்க. நாளைக்கு இன்டர்வியூ. அங்கே இதைக் காட்டணும்.”

“கேமையா?”

“அந்தக் கம்பெனியிலதான் ஆறு வருஷம் இருந்தேன். இதுலதான் வேலை செஞ்சேன்.”

மஞ்சுநாத் சட்டென்று எழுந்து, அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டான். பத்து நிமிடத்தில் திரையில் கோட்டை எழுந்தது. குதிரைகள் ஓடின.

“ஆய்த்து, முடிஞ்சுது சார், சூப்பரா இருக்கு! இதுல உங்க வேலை எது? கோட்டையா, குதிரையா?”

கௌஸ்துப் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ரெண்டும் இல்ல. இப்ப நீங்க எடுத்தீங்களே, அந்த லாக்.”