மேடம் வீட்டு அம்மா

“அந்தப் புத்தகத்துலேருந்து எங்கம்மாவ எடுத்துடுங்க” என்றேன் மேடத்திடம். இதை மட்டும் கேட்டுடாதே என்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். வசுமதி மேடம் பல வருஷமாக வாராவாரம் பத்திரிகையில் எழுதிய அனுபவக் கட்டுரைகள் இப்போது புத்தகமாகின்றன. அவர் வீட்டில் சமைக்கும் என் அம்மா அவற்றில் பாடுகிறாள், கல்யாணத்துக்கு முன்னால் ஓடிப்போகவிருந்த கதையைச் சொல்லிச் சிரிக்கிறாள். எங்கள் வீட்டில், என் படிப்பு கெடக்கூடாதென்று அவள் வாயே திறந்ததில்லை. “நான் என்ன, பொய்யா எழுதிட்டேன்?” என்றார் மேடம். “எல்லாம் நிஜம். அதான் எரியுது” என்றேன். அடுப்படியிலிருந்து அம்மா, “அவ கெடக்கா, நீங்க காப்பியக் குடிங்கம்மா” என்றாள், நான் கேட்டேயிராத கொஞ்சலில். வேலை கிடைத்த ஊருக்கு அவளையும் கூட்டிப்போக இரண்டு டிக்கெட் எடுத்திருந்தேன். அவளுடையதைப் போனிலேயே ரத்து செய்துவிட்டு, செருப்பை மாட்டிப் படியிறங்கினேன்.