கள அனுபவம்

விண்ணப்பிக்கக் கடைசி நாள். பல்கலைக்கழகச் சேர்க்கைப் பிரிவு எழுத்தர் அவளுடைய விண்ணப்பத்தைப் புரட்டிவிட்டு, சொத்தைக் கத்தரிக்காயை ஒதுக்குவதுபோல ஒதுக்கினார்.

"சர்வதேச வளர்ச்சி முதுகலைக்கு ஆறு மாசமாவது கள அனுபவம் வேணும்மா."

"பதினோரு வருஷம் நிவாரண முகாம்ல இருந்திருக்கேன் சார். அதுல எழுதியிருக்கேனே."

"முகாம்ல இருந்தா அனுபவமா? ஆஸ்பத்திரியில படுத்தவனெல்லாம் டாக்டரா?"

பக்கத்து மேசைக்காரர் சிரித்தார்.

"முந்நூறு குடும்பத்துக்கு அரிசி, தண்ணி, மருந்து எல்லாம் பிரிச்சுக் கொடுத்திருக்கேன் சார்."

"வாயால யாரு வேணும்னாலும் சொல்லலாம். சர்டிபிகேட் எங்க?"

"எனக்குக் கொடுக்க அங்க யாரும் இல்ல."

"அதானே பார்த்தேன்." எழுத்தர் ஒரு கோப்பை எடுத்து விரித்தார். "போன வருஷம் சேர்ந்த தம்பி இவரு. எட்டே மாசம் முகாம்ல வேலை பார்த்துட்டு, பொறுப்பாளர்கிட்ட முறையா எழுதி வாங்கிட்டு வந்தாரு. இப்படி இருக்கணும்."

அவள் அதிலிருந்த சான்றிதழை வாசித்தாள். பிறகு விண்ணப்பத்தை அதன் பக்கத்தில் வைத்தாள்.

"ரெண்டுலயும் கையெழுத்தைப் பாருங்க. அந்தப் பொறுப்பாளர் நான்தான்."

எழுத்தர் பார்த்தார். பக்கத்து மேசையில் சிரிப்பு நின்றுபோனது.

"இருக்கலாம். ஆனா உங்களுக்கு நீங்களே எழுதிக்கிட்டா செல்லாதேம்மா."

"என் கையெழுத்து அவனுக்குச் செல்லும், எனக்குச் செல்லாதா? அவனுக்கு வேலை கத்துக்கொடுத்ததே நான்தான் சார்."

எழுத்தர் தாடையைச் சொறிந்தார். பிறகு, பெரிய உபகாரம் செய்பவர்போல முன்னால் குனிந்தார்.

"ஒண்ணு பண்ணுங்க. அந்தத் தம்பி இப்ப எங்க ஸ்டூடண்ட். உங்களுக்கு அனுபவம் இருக்குன்னு அவர்கிட்ட அஞ்சு மணிக்குள்ள எழுதி வாங்கிட்டு வாங்க. ஏத்துக்கறேன்."