அடைப்புக்குறிக்குள்

"உங்கட பேருக்குப் பக்கத்தில என்ன போடுறது, அக்கா?"

கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலே மேனுகா கேட்டாள்.

புனிதம் அச்சுக்கடை வாசலோடு நின்றுகொண்டிருந்தாள். தகப்பன் மத்தேயு செத்து இன்னும் ஒரு நாள் ஆகவில்லை. நாளைக்குப் பின்னேரம் அடக்கம் செய்யச் சேமக்காலைக்குக் கொண்டுபோகிறார்கள். அதற்குள் மரண அறிவித்தல் அடித்து, வட்டுவாகல் தொடக்கம் முல்லைத்தீவுச் சந்தி மட்டும் ஒட்டியாக வேண்டும்.

என்ன எழுத வேண்டும் என்று கனடாவிலிருந்து தம்பி நிறோஜன் வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். கூடவே ஒரு படம். அதில் அப்பா கறுப்புக் கோட்டும் கழுத்துப்பட்டியும் போட்டிருந்தார். முகம் மட்டும்தான் அவருடையது. மற்றதெல்லாம் யாரோ கணினியில் வெட்டி ஒட்டியது.

அவருடைய பேருக்குக் கீழே 'வர்த்தகர்' என்றிருந்தது.

அதற்கும் கீழே பிள்ளைகள். நிறோஜன், அடைப்புக்குறிக்குள் பொறியியலாளர், கனடா. ஜெயரூபினி, வைத்தியர், லண்டன். மருமகளுக்கும் மருமகனுக்கும்கூட ஆளுக்கொன்று இருந்தது. இவர்கள் ஒருவரும் வரவில்லை. நேரலையில் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்கள்.

கடைசியில் புனிதம். மூத்தவள் அவள்தான். பேருக்குத் துணையாக இன்னொரு பேரும் இல்லை, அடைப்புக்குறியும் இல்லை.

"எல்லாருக்கும் போட்டிட்டு இதை மட்டும் வெறுமையா விட்டால் வடிவா இராது" என்றாள் மேனுகா. அதில் குத்தல் ஒன்றும் இல்லை. அவளுக்கு வரிகள் சீராக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

புனிதம் தம்பிக்கு அழைப்பெடுத்தாள். அவன் உடனே எடுத்தான்.

"முன்பள்ளி ஆசிரியை எண்டு போடுங்கோ அக்கா. ரெண்டு மாதம் படிப்பிச்சனீங்கள்தானே. இஞ்ச ஆக்கள் பாப்பினம்."

அழுதழுது அவன் குரல் அடைத்துப் போயிருந்தது. அவளால் மறுத்துச் சொல்ல முடியவில்லை.

அவள் இருபது வயதுப் பெட்டையாக இருந்தபோது, பிள்ளைப்பேற்றுக்குப் போன ஒரு ஆசிரியைக்குப் பதிலாக நின்ற இரண்டு மாதம் அது. அவளே மறந்துபோயிருந்தாள்.

"ஆசிரியை எண்டு போடட்டாம்" என்றாள்.

மேனுகா திரும்பிப் பார்த்தாள். "டீச்சரோ? சொல்லேல்லையே." எழும்பிப் போய் மூலையில் கிடந்த கதிரையைத் துடைத்து இழுத்துப் போட்டாள். மின்விசிறியையும் புனிதத்தின் பக்கம் திருப்பிவிட்டாள்.

புனிதம் அதில் இருந்தாள். நேற்றுத் தொடக்கம் அவளை யாரும் இருக்கச் சொல்லவில்லை.

திரையில் அவளுடைய பேரும் மற்றவர்களுடையதைப் போலவே ஆகிவிட்டிருந்தது. அந்தச் சொல்லைக் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். விசிறிக் காற்று நன்றாகத்தான் இருந்தது. அப்படியே விட்டுவிட்டு எழும்பிப் போயிருக்கலாம்.

கனடாவில் பார்ப்பவர்களுக்கு அவளைத் தெரியாது. வட்டுவாகலில் வாசிப்பவர்களுக்குத் தெரியும்.

அவள் கதிரையை விட்டு எழும்பினாள்.

"அதை எடுத்துவிடுங்கோ பிள்ளை. கடற்றொழில் எண்டு போடுங்கோ."

மேனுகாவின் விரல்கள் ஒருகணம் நின்றன. பிறகு அழித்து, புதிதாக அடித்தாள். அடித்துவிட்டு மேலே, 'வர்த்தகர்' என்றிருந்த இடத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"அப்ப, அப்பாவுக்கும் அப்பிடியே மாத்தி விடவோ?"

"வேண்டாம். அது சரிதான்."

மேனுகா அவளுடைய முகத்தைப் பார்த்தாள்.

"கடைசிச் சண்டையில கால் போனதுக்குப் பிறகு அவர் தண்ணியில இறங்கேல்ல" என்றாள் புனிதம். "நந்திக்கடல்ல இறங்கி இறால் பிடிச்சது நான். தம்பி, தங்கச்சி படிச்சு முடிக்குமட்டும் வட்டுவாகல் பாலத்தடியில குந்தியிருந்து அதை வித்தது அவர்."

மேனுகா திரும்பவும் திரையைப் பார்த்தாள். பட்டியலை மேலிருந்து கீழாக ஒருமுறை வாசித்தாள்.

"எத்தினை அடிக்க, அக்கா?"

"இருபது காணும். ஒட்டுறதுக்கு நான் ஒராள்தான்."