இளைக்காத ஐவி

ஐவி பத்தியம் இருப்பது அந்தக் கந்தோரின் அன்றாடச் சிரிப்பாகிவிட்டிருந்தது.

திருகோணமலைத் துறைமுகத்துக்குள், கப்பலில் வரும் துணிப் பெட்டிகளை அடைத்து வைக்கும் களஞ்சியத்தோடு ஒட்டியிருந்த சின்ன அலுவலகம் அந்தக் கந்தோர். சீனி வியாதி வாசலில் நிற்கிறது, உடம்பைக் குறை என்று டாக்டர் சொன்னதிலிருந்து ஐவியின் சாப்பாட்டுப் பெட்டியில் அவித்த பயறும் வெள்ளரிப்பிஞ்சும்தான். ஆனால் காலைத் தேநீருக்கு யாராவது ஒருவர் வீட்டுப் பலகாரம் கொண்டுவந்து பகிர்வது அங்கே வழக்கம். வேண்டாம் என்பது கொண்டுவந்தவரின் முகத்தில் அடிப்பதற்குச் சமம்.

"ஒரு துண்டுதான் மிஸ். உம்மா கிண்டின தொதல். நீங்க தின்னல்லெண்டா உம்மா என்னைத்தான் ஏசுவா" என்பார் கிண்ணியாவிலிருந்து வரும் ஜமால்தீன்.

"எனக்கு ஏலாது, ஜமால்தீன்."

"அக்காவின்ர பங்கை இஞ்சால தாங்கோ!" என்று தட்டை இழுத்துக்கொள்வாள் இராசமலர். இரண்டு பங்கையும் தின்று முடித்து, விரலைச் சூப்பியபடி ஐவியை மேலும் கீழும் பார்ப்பாள். "மாசக்கணக்கா இலைகுழை தின்னுறியள். ஒரு நூல் குறைஞ்ச மாதிரித் தெரியேல்லையே அக்கா! வீட்டில கதவைச் சாத்திப்போட்டுச் சாப்பிடுறியளோ?"

தலைமைக் கிளாக்கர் இக்னேசியஸ் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்ப்பார். "மாடும் இலைகுழைதானே பிள்ளை தின்னுது. அது மெலியுதே?"

கந்தோர் குலுங்கும்.

ஆரம்பத்தில் ஐவி பின்கட்டுக்குப் போய் அழுதிருக்கிறாள். பிறகு ஒன்று விளங்கியது. இவர்கள் தன்னைப் பார்ப்பதே இல்லை. என்றோ ஒருநாள் பார்த்த குண்டு ஐவியை மனதில் குந்தவைத்துவிட்டு, அவளைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள். அது விளங்கியதும் அழுகை நின்றது. யாரும் சிரிக்காத நாட்களில்தான் அவளுக்குள் இனம்புரியாத ஒரு பயம் எழுந்தது.

அன்றும் அவள் களஞ்சியத்தில் துணி எண்ணிவிட்டு வந்து அப்போதுதான் கதிரையில் உட்கார்ந்திருந்தாள். தொதல் தட்டு சுற்றி வந்துகொண்டிருந்தது. பொலிஸ் இன்ஸ்பெக்டர் ஒருவர், ஒரு பெண் பொலிசுடன் உள்ளே நுழைந்தார்.

ஜப்பான் நைலெக்ஸ் சேலைக்காகப் பெண்கள் தவம் கிடந்த காலம் அது. அவற்றை இறக்குமதி செய்த கொழும்பு முதலாளி, இந்தக் களஞ்சியத்திலிருந்து போன தன் பெட்டிகளைத் திறந்து பார்த்தபோது மேல் அடுக்கில் மட்டும்தான் ஜப்பான் சேலைகள் இருந்தனவாம். அடியில் எல்லாம் பழஞ்சேலை.

"வாசலில பையளைத்தான் சோதிக்கினம். பொம்பிளையளின்ர உடம்பில ஒருத்தரும் கை வைக்கிறேல்லை" என்றார் இன்ஸ்பெக்டர். "காலமை பழசை இடுப்பில சுத்திக்கொண்டு வாறது, பின்னேரம் புதுசைச் சுத்திக்கொண்டு போறது. சரி, களஞ்சியத்துக்குள்ள போற பொம்பிளையள் ஆர்?"

"இராசமலரும் ஐவியும்தான் சேர். அவைதான் துணி எண்ணுறவை" என்றார் இக்னேசியஸ்.

இன்ஸ்பெக்டரின் பார்வை ஐவியின் இடுப்பில் வந்து நின்றது.

ஐவி கையிலிருந்த வெள்ளரித் துண்டைச் சாப்பாட்டுப் பெட்டிக்குள் திரும்ப வைத்தாள். இத்தனை பேர் நிற்கச் சேலையை அவிழ்க்கச் சொன்னால் பிறகு கோயிலுக்கு எந்த முகத்தோடு போவது? இந்த வேலையும் போனால், படுக்கையில் கிடக்கும் அப்பாவுக்கும் சேர்த்துப் பட்டினிதான்.

"இவவைக் கூட்டிக்கொண்டு போகட்டோ சேர்?" என்றாள் பெண் பொலிஸ்.

முதலில் சிரித்தவள் இராசமலர். "ஐவி அக்காவையோ? ஐயோ சேர், அவ எப்பவும் உந்தச் சைஸ்தான்! பத்தியம் இருந்தும் ஒரு அங்குலம் குறையேல்லை!"

"கூடவும் இல்லை, குறையவும் இல்லை" என்று ஜமால்தீன் சாட்சி சொன்னார்.

"மாடு சேர், மாடு" என்றார் இக்னேசியஸ்.

இன்ஸ்பெக்டரும் சிரித்துவிட்டார். "துணியைச் சுத்தினா ஆள் பருக்க வேணும். ஒரே மாதிரி இருக்கிற ஆளில எனக்கு வேலையில்லை. அப்ப சொல்லுங்கோ, இந்த மாசங்களுக்குள்ள இஞ்ச பருத்தது ஆர்?"

சிரிப்பு நின்றது. எல்லோருடைய கண்களும் ஒரே பக்கம் திரும்பின. இராசமலரின் வாயில் தொதல் அப்படியே நின்றது.

"சேர், இது... இது திண்டு வந்தது!"

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவினம். வாரும் பிள்ளை, அலுமாரிக்குப் பின்னால" என்று பெண் பொலிஸ் அவள் கையைப் பிடித்தாள்.

அலுமாரிக்குப் பின்னாலிருந்து விம்மல் கேட்டது. ஆண்கள் சுவரைப் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் பெண் பொலிஸ் உதட்டைப் பிதுக்கியபடி வந்தாள்.

"துணி ஒண்டுமில்லை சேர். எல்லாம் சொந்தச் சதைதான்."

களவு கொழும்பில்தான் நடந்திருக்க வேண்டும் என்று முடிவுகட்டி, இன்ஸ்பெக்டர் ஒரு துண்டுத் தொதலும் தின்றுவிட்டுப் போனார்.

ஐவி எழுந்து போய், கண் சிவந்து நின்ற இராசமலருக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

"நாளைக்கு எனக்கும் கொஞ்சம் பயறு கொண்டு வாங்கோ அக்கா" என்று தேம்பினாள் இராசமலர்.

"ஓம், கொண்டு வாறன். ஆனா பொறுமை வேணும் பிள்ளை" என்றாள் ஐவி.

அன்று மாலை தன் அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு, இடுப்பைச் சுற்றியிருந்த ஜப்பான் சேலைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துக் கட்டிலில் போட்ட ஐவி, கண்ணாடிக்குள் நின்ற ஒல்லியான பெண்ணைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள்: இவ்வளவு வாயைக் கட்டி இளைத்தும், கந்தோரில் ஒருவரிடமாவது காட்ட முடியவில்லையே!