மஞ்சள் பை மாட்டிய பம்ப்

“மூணு வாரமா, ‘வேலை செய்யலை’ன்னு அந்த பம்ப்ல மாட்டின மஞ்சப் பை அப்படியே தொங்குது பாய்! விலை கம்மியா இருக்கிற பம்ப்பை மட்டும் மூடி வெச்சா, நாங்க வேற வழியில்லாம ஜாஸ்தி விலைக்குப் போட்டுக்குவோம்னு நெனப்பா?”

அமெரிக்காவில், ஃபிரிஸ்கோவில் அந்த கேஸ் ஸ்டேஷனை, அதாவது பெட்ரோல் பங்கை, நடத்தும் சேக் தாவூத் கீழக்கரைக்காரர். தமிழர் என்பதாலேயே திருமூர்த்திக்கு அவரிடம் உரிமை அதிகம். வாய் அதைவிட அதிகம்.

“அது இ-15 தம்பி. எத்தனால் ஜாஸ்தி கலந்த பெட்ரோல். நம்ம மெஷின் பழசு. உள்ள இருக்கிற ரப்பர் சீல் எல்லாம் அதைத் தாங்காது. ஊறிப்போய் லீக் ஆயிரும். ஒரு பொறி பட்டாப் போதும். புது சீல் செட் ஆர்டர் பண்ணியிருக்கேன்.”

“எதிர்த்த ஸ்டேஷன்லயும் இதே மெஷின்தான். அவன் விக்கலையா? நானே இப்ப அங்கதான் போடுறேன்.”

தாவூத் கல்லாவில் நின்றபடியே கண்ணாடி வழியாக எதிர்த்த ஸ்டேஷனைப் பார்த்தார்.

கடைக்குள் காபி எடுக்கத் திரும்பிய திருமூர்த்தியின் கண்ணில் அது பட்டது. கல்லாவுக்குப் பின்னால் பிரித்த அட்டைப்பெட்டி. மேலே பம்ப் கம்பெனியின் பெயர். உள்ளே காலி.

“அட, பார்ட் வந்தாச்சா! எப்ப?”

“போன செவ்வாக்கிழமை.”

“வந்தும் மாட்டலையா? கையும் களவுமா சிக்கிட்டீங்க பாய்!”

போனை எடுத்தார். ரிவ்யூ பக்கம் திறந்தது. ஒரே ஒரு ஸ்டார்.

“டாடி, ஸ்டாப் இட்,” என்று சட்டையை இழுத்தாள் ஐந்து வயது மகள் வெண்பா. பெற்றவருக்கு இல்லாத நாசூக்கு பிள்ளைக்கு இருந்தது.

“ஒரு செட்தான் வந்துச்சு தம்பி. அடுத்தது வர ஒரு மாசம் ஆகுமாம்.”

“அந்த ஒண்ணு எங்கே?”

தாவூத் கூச்சத்தோடு கண்ணாடிக்கு வெளியே கைகாட்டினார்.

“எதிர்த்த ஸ்டேஷன்ல. நம்ம மெக்கானிக்கையே அனுப்பி மாட்டிட்டேன்.”

“என்னது! போட்டிக்காரனுக்கா?”

“மூடி வைங்கன்னு ரெண்டு தடவை நேர்ல போய்ச் சொன்னேன். முடியாதுன்னுட்டார். என் பம்ப் மூடிக் கெடக்கு, ஒழுகாது. அவரோடது ஓடிக்கிட்டிருக்கே.”

திருமூர்த்தி போனைச் சட்டைப் பைக்குள் போட்டார். இப்படியும் ஒரு மனுஷனா என்று அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

தாவூத் குனிந்து வெண்பாவின் கையில் ஒரு சாக்லேட்டை வைத்தார்.

“வாராவாரம் நீங்க அங்க கேஸ் போடுறதை இங்கேருந்து பாக்குறேன் தம்பி. பின் சீட்ல பாப்பா உக்காந்திருக்கும்.”