நூற்று அறுபத்திரண்டு படிகள்

"ஒரு பிஸ்கட்னு எழுதியிருக்கீங்க. பாக்கெட்டுல ஆறு குறையுதே?"

மாடி ஏறி வந்த களைப்பில் மூச்சு வாங்க நாற்காலியில் சாய்ந்த லிஃப்ட் மெக்கானிக்கின் முன்னால், மனைவி நோட்டை நீட்டினாள். பள்ளியில் கணக்கு டீச்சர் அவள். சமையலறைக்குச் சின்னத் தராசும் இந்தக் கலோரி நோட்டும் வந்த நாளிலிருந்து, அந்த வீட்டில் ஒரு வேர்க்கடலைகூடக் கணக்கில் வராமல் வாய்க்குள் போக முடிவதில்லை.

"மத்த அஞ்சும் உடைஞ்சு கிடந்துச்சு. உடைஞ்சதையெல்லாமா எண்ணுவாங்க?"

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கப் பாக்குறீங்க."

"பூசணிக்காய்க்குக் கலோரி கம்மிதானே? மறைச்சா என்ன தப்பு?"

சிரிப்பை அடக்கிக்கொண்டு, அவள் ஒன்றை அடித்துவிட்டு ஆறு என்று எழுதினாள்.

பேச்சு விளையாட்டாக இருந்தாலும் விஷயம் விளையாட்டில்லை. மூன்று மாதத்துக்கு முன்னால், நின்றுபோன ஒரு லிஃப்ட்டின் கூரைத் திறப்பு வழியாக மேலே ஏறப் போனவர், இடுப்போடு மாட்டிக்கொண்டார். மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் வர முடியவில்லை. நாலு பேர் காலைப் பிடித்து இழுத்து இறக்கினார்கள். எடை தொண்ணூற்றெட்டுக் கிலோ.

மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார். மூன்று மாதத்தில் தொண்ணூறுக்குள் வர வேண்டும், இல்லையென்றால் ஆபீசில் உட்கார்ந்து புகார் போன் எடுக்க வேண்டும். இருபத்திரண்டு வருஷமாகக் கம்பியோடும் கிரீஸோடும் வாழ்ந்தவர். போனும் கையுமாக உட்காருவதை நினைத்தாலே அவருக்கு அழுகை வந்தது. பட்ட காலிலே படும் என்பார்களே, அதே வாரத்தில் கருவிப் பையிலிருந்த எச்சரிக்கை போர்டும் தொலைந்துபோய், அதற்கும் தனியாகத் திட்டு வாங்கினார்.

நாளைக் காலையில் எடை பார்க்கிறார்கள்.

"நோட்டு கிடக்கட்டும். நம்ம பில்டிங் லிஃப்ட்டுக்கு எப்பதான் விடியும்? மூணு மாசமா ஒன்பது மாடி ஏறுறேன். என்ன கம்பெனியோ, என்ன ஆளுங்களோ! என் கையில விட்டா அரை மணி நேரத்துல ஓட வச்சிருவேன்."

"அப்ப நீங்களே ஒருவாட்டி பாத்துட வேண்டியதுதானே?"

"அடுத்த கம்பெனிக்காரன் லிஃப்ட்ல நான் எப்படிக் கை வைக்கிறது? அதுலயும் வாசல்ல போர்டு தொங்குது. போர்டு தொங்கினா பொத்தான்ல விரல் படக் கூடாது. உள்ள வேலை பாக்குற ஒருத்தன் உசுரு இருக்கும். அது தொழில் தர்மம்."

"தர்மம் தலை காக்கும்பாங்க. உங்களுக்கு இடுப்பையும் சேத்துக் காக்கட்டும்," என்றபடி நோட்டில் அன்றைக்கு மூன்றாவது தடவையாக 'படி: 162' என்று எழுதினாள்.

அவர் எட்டிப் பார்த்தார். "இரு, இரு. நாளைக்கும் நூத்தி அறுபத்திரண்டுன்னு இப்பவே எழுதி வச்சிருக்கே?"

"ஏன், நாளைக்கு லிஃப்ட் ஓடும்னு உங்களுக்கு நம்பிக்கை இருக்கா?"

அவருக்கு அப்படியொரு நம்பிக்கை துளியும் இல்லை.

"ஞாயித்துக்கிழமையாவது உக்கார விடுறியா? காலையில உப்பு, மத்தியானம் தீப்பெட்டி, சாயங்காலம் சோப்புன்னு மூணு தடவை கடைக்கு விரட்டுற. ஒரே தடவையா சொன்னா வாய் வலிக்குமா?"

"வயசாகுதுல்ல, மறந்துபோயிடுது."

"எட்டாவது மாடிப் பெரியவருக்கு இல்லாத வயசா? கையில தடி. தினமும் கீழ இறங்கித் தோட்டத்துல நடக்குறாரு. லிஃப்ட்டைப் பத்தி ஒரு வார்த்தை குறை சொன்னதில்ல. அதெல்லாம் அந்தக் காலத்து உடம்பு!"

"ஆமா, ஆமா," என்று அவள் அவசரமாகச் சமையலறைக்குள் போய்விட்டாள்.

மறுநாள், எடை பார்க்கும் இயந்திரத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறினார். எண்பத்தொன்பதே முக்கால்.

"பிரமாதம்! அப்படி என்னதான் உடற்பயிற்சி பண்ணினீங்க?" என்று கேட்டார் கம்பெனி டாக்டர்.

"நான் எங்க பண்ணினேன் டாக்டர்? எல்லாம் வேலை தெரியாத ஒரு கம்பெனி பண்ணின புண்ணியம்."

மேனேஜர் கை குலுக்கி, மீதி நாளுக்கு லீவும் கொடுத்தார். மெக்கானிக்குக்குக் கால் தரையில் பாவவில்லை. மனைவி பள்ளியிலிருந்து வருவதற்குள் தன் கையால் சமைத்து வைத்து அவளை அசத்திவிட வேண்டும் என்று, காய்கறிப் பையோடு பதினொரு மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டார்.

லிஃப்ட் வாசலில் போர்டைக் காணோம். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கதவு திறந்தது. தடியை ஊன்றிக்கொண்டு எட்டாவது மாடிப் பெரியவர் வெளியே வந்தார்.

"என்ன தம்பி, இன்னிக்குச் சீக்கிரமாவே..." என்று தொடங்கியவர், நாக்கைக் கடித்துக்கொண்டு மறுபடியும் உள்ளே போய்க் கதவை மூடிக்கொண்டார்.

கேட்டிலிருந்து வாட்ச்மேன் மஞ்சள் போர்டோடு தலைதெறிக்க ஓடி வந்தார். வந்த வேகத்தில் அது கை நழுவி, மெக்கானிக்கின் காலடியில் குப்புற விழுந்தது.

"காலையில ஆறரைக்கும் சாயங்காலம் ஏழுக்கும் மாட்டினாப் போதும், ஞாயித்துக்கிழமைன்னா போன் பண்றேன்னு டீச்சரம்மா சொன்னாங்க சார்." வாட்ச்மேன் தலையைச் சொறிந்தார். "பதினோரு மணிக்கு வருவீங்கன்னு சொல்லவே இல்லையே!"

மெக்கானிக் சிரமமே இல்லாமல் குனிந்து போர்டை எடுத்தார். அதன் பின்பக்க மூலையில், என்றைக்கோ அவரே ஆணியால் கீறி வைத்த அவருடைய வேலை எண் இருந்தது: நாற்பத்தேழு.